இரண்டு முறை எண்ணக் கூடாது

விஸ்கான்சினில் மார்ச் மாதமும் பனிதான்.
எங்கள் கட்டடத்தில் ஆசியா மூன்றாம் மாடி,
வண்டி நிறுத்திய அபராதம் கட்டும் அறைக்கு எதிர்க்கதவு.
பத்தொன்பது வருடமாக அதைத் திறந்து மூடுகிறவள் நான்.
அந்தப் பக்கம் போனதில்லை.
விமானம் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும்.

ஆனால் விதிகளைக் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன்.
துருக்கி தொடங்கி ஜப்பான் முடியப் பதினைந்து கிரெடிட்.
சொந்தத் துறைப் பாடம் ஆறைத் தாண்டக் கூடாது.
பி கிரேடுக்குக் கீழே இறங்கினால்
இமயமலையே ஆனாலும் கணக்கில் வராது.
ஒரு பாடத்தை இரண்டு முறை எண்ணக் கூடாது.
இது மட்டும் தடித்த எழுத்தில்.
ட்ரெண்ட் ஓல்மன் என்றொருவன்
ஒரே பௌத்தப் பாடத்தைத் தத்துவத்திலும் காட்டி
வரலாற்றிலும் காட்டி எங்களிடமும் காட்டிப் போன பிறகு
அப்படி ஆயிற்று.
அப்புறம் ஓர் ஆய்வுக் கட்டுரை. அப்புறம் மொழி:
இரண்டாண்டுப் படிப்பு, இல்லையென்றால் தேர்வு,
தேர்வாளர் கையெழுத்து ஏழாவது கட்டத்தில்.

பா ஞியா வூ இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தாள்.
பூட்ஸில் சாலை உப்பு வெள்ளை வெள்ளையாய்.
செவிலியர் முதுகலை. பதினைந்தும் சரி.
கட்டுரை இருபத்தெட்டுப் பக்கம்.
நான் படிக்க வேண்டியதில்லை, பக்கம் எண்ணினால் போதும்.
பதினொன்றில் கண் நின்றுவிட்டது.

அவர்கள் மொழியில் துக்கம் இருப்பது ஈரலில்.
நொந்துபோனவர் 'என் ஈரல் கடினமாயிருக்கிறது' என்பார்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரப் பிரிவில்
கூரை வேய்கிற ஒருவர் அதைச் சொல்ல,
உடன் வந்த பள்ளிப் பையன் சொல்லுக்குச் சொல் பெயர்க்க,
மூன்று குப்பி இரத்தம் எடுத்துப் பார்த்து
ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.
மனைவி செத்து ஒன்பதாம் நாள்.

எத்தனையாம் பக்கம் என்று மறந்து
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"மொழி?" என்றேன்.
"ஹ்மோங்."
என் கணினிப் பட்டியலில் பதினொரு மொழி. அது இல்லை.
'மற்றவை' என்பதை அழுத்தினேன்.
'தேர்வாளரை நியமிக்கவும்' என்றது.
பேராசிரியர் கெஸனிச் மிங் காலத்து வரிக்கணக்கில் இருந்தார்.
"நம்மிடம் அதைக் கற்பிக்கிறவர் யாரோ அவரைப் போடு."
தேடினேன். செவ்வாய் மாலை, பதினான்கு மாணவர்கள்,
பகுதிநேர ஆசிரியர் ஒருவரே:
வூ, பா ஞியா.

உரக்கத்தான் படித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"வெள்ளி நாலரைக்குள் வேண்டுமா, லோர்னா?"
"ஆமாம்."
பக்கத்து மாநிலத்தில் ஒருவர் பேறுகால விடுப்பு.
இன்னொருவர் பதிலே போடவில்லை.

வெள்ளி மூன்று மணிக்கு
இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டேன்.
ஒன்றில் உட்கார்ந்து கேட்டாள்.
எழுந்து சுற்றிப் போய்
மற்றதில் உட்கார்ந்து பதில் சொன்னாள்.
கேட்கிற குரலில் கண்டிப்பு. சொல்கிற குரல்
சில இடத்தில் தாழ்ந்தது, வேகமாய் ஓடியது,
ஓரிடத்தில் தானே சிரித்தது.
எனக்கு ஒரு சொல் புரியாது. சாட்சி நான்தான்.

ஐந்தாவது கேள்வி.
சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.
வெந்நீர்க் குழாய் டொக்டொக்கென்றது.
எதிர் அறையில் யாரோ அபராதத்துக்குச் சண்டை.
பதில் வரவில்லை.

எழுந்து வந்து பேனாவை எடுத்துத்
தனக்குத் தானே பி போட்டாள்.

"என்ன கேட்டாய்?"
"ஈரலே கெட்டுப்போன நோயாளியிடம்
அதை எப்படிச் சொல்வாய் என்று."

மணி நாலு இருபது.
ஒன்றாம் கட்டத்திலும் ஏழாம் கட்டத்திலும்
ஒரே கையெழுத்து, மைகூட ஒன்று.
மேலிடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பாடத்தைத்தான் இரண்டு முறை எண்ணக் கூடாது,
ஆளைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.
பென்சில் செல்லாது என்று அப்புறம் நினைவு வந்து
அதன் மேலேயே
பேனாவால் இன்னொரு முறை எழுதினேன்.